ஏழு மாதச் சம்பளமும் என் பழைய வண்டியும் போச்சு: பயன்படுத்திய பைக் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

இன்று காலை எனக்குப் பைக் விற்ற கடையிலிருந்து கடைசிப் பதில் வந்தது. "தங்கள் புகார் பரிசீலிக்கப்பட்டு முடித்துவைக்கப்பட்டது." ஒரே ஒரு வரி. யார் பரிசீலித்தார், வண்டியை யார் வந்து பார்த்தார், ஒன்றும் கிடையாது. படித்ததிலிருந்து வேறு வேலை ஓடவில்லை. ஏழு மாதச் சம்பளம் போனது. ஒன்பது வருடம் என்னைச் சுமந்த பழைய வண்டியும் அதோடு போனது. பெரிய பைக்குக்கு மாற ஆசைப்படுகிற வேறு யாரும் இந்தக் குழியில் விழக்கூடாது. அதனால் நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்கிறேன். வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதையும் கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பழைய பைக்குகளை வாங்கி, "முழுமையாகச் சோதித்துச் சான்றளித்த வண்டிகள்" என்று செயலியில் போட்டு விற்கிற இடம், ஷோரூமும் உண்டு என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். வண்டியின் பெயரும் வேண்டாம், அதைத் தயாரித்தவர்கள் மேல் எந்தத் தப்பும் இல்லை. 650 சிசி, இரட்டை சிலிண்டர், 2020 மாடல்.

நாங்கள் நான்கு பேர் ஒன்றாக ஓட்டுபவர்கள். என்னுடையது மட்டும் 150 சிசி. ஒருவனிடம் கேடிஎம் 390 டியூக், ஒருவனிடம் ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர், எங்களில் மூத்தவரான அண்ணனிடம் யமஹா எம்டி-07. வண்டியை எங்கே நிறுத்தினாலும் பேச்சு ஒன்றுதான், நான் அடுத்து எதற்கு மாறுவது. டியூக் 373 சிசி ஒற்றை சிலிண்டர், கிட்டத்தட்ட 43 குதிரைத்திறன். எடை குறைவு, வளைவில் நினைத்த இடத்தில் திரும்பும். இன்டர்செப்டர் 648 சிசி, 47 குதிரைத்திறன். "நாலு குதிரை கூட வேணும்னு இத்தனை கிலோவைச் சுமக்கறியா?" என்று டியூக்காரன் கேட்பான். "52 நியூட்டன் மீட்டர் டார்க்டா, மேடேறும்போது கியரை மாத்தாம வா பார்ப்போம்" என்று இன்டர்செப்டர்காரன் இழுவிசையைச் சொல்லித் திருப்பிக் கொடுப்பான். அண்ணன் எதுவும் பேசமாட்டார். அவர் வண்டி 689 சிசி, 73 குதிரைத்திறன், அதற்கு மேல் அவர் பேசத் தேவையும் இல்லை.

ஒரு நாள் சாவியை என்னிடம் நீட்டி ஓட்டிப் பார் என்றார். அன்றைக்குத்தான் இரட்டை சிலிண்டர் என்று முடிவானது. அதற்குப் பிறகு ஆறு மாதம் ராத்திரியெல்லாம் படித்தேன். இரட்டை சிலிண்டரிலேயே கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) 180 டிகிரியில் இருந்தால் ஒரு மாதிரி, 270 டிகிரியில் இருந்தால் வேறு மாதிரி. கவாசாகி இசட்650 முதல் வகை. ஒரு சிலிண்டரில் பெட்ரோல் வெடித்து 180 டிகிரியில் அடுத்ததில் வெடிக்கும், பிறகு 540 டிகிரி இடைவெளி. எம்டி-07, இன்டர்செப்டர் இரண்டும் 270 டிகிரி வகை. வெடிப்பு 270, 450 என்று மாறி மாறி வருவதால் சுசுகி எஸ்வி650 மாதிரியான 90 டிகிரி வி-ட்வினின் (இரண்டு சிலிண்டரும் V வடிவில் நிற்கும் இன்ஜின்) அதே தாளம் கிடைக்கிறது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். எந்த மாடல் நல்லது என்பதில் யாரும் என்னை ஏமாற்றியிருக்க முடியாது. ஆனால் என் முன்னால் நிற்கிற அந்த ஒரு வண்டி என்ன பாடுபட்டு வந்திருக்கிறது என்று பார்க்க எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கைவைத்தது அங்கேதான்.

ஷோரூமுக்குத் தனியாகத்தான் போனேன். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றார். வண்டிக்கு இன்னும் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள் என்று செயலியில் காட்டிக்கொண்டே இருந்தது, பொறுக்க முடியவில்லை.

விற்பனையாளர் என்னிடம் வருவதற்கு முன்னால் என் பழைய வண்டியிடம்தான் போனார். குனிந்து உட்கார்ந்து, செயினில் ஒரு விரலை வைத்து இழுத்து, விரலைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, "சார், செயினைப் பார்த்தாலே ஆள் தெரிஞ்சுடும். வீட்டுப் பிள்ளை மாதிரி வச்சிருக்கீங்க. உங்களை மாதிரி ஆள் கைக்குத்தான் இந்த 650 போகணும்" என்றார். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். நூறு பேர் என் வண்டியைப் பார்த்திருக்கிறார்கள், செயினைத் தொட்டுப் பார்த்தவர் இவர் ஒருவர்தான். நம்மைப் போல ஓட்டுகிறவர், பொய் சொல்லமாட்டார் என்று நினைத்துவிட்டேன். பிறகு டேப்லெட்டில் சோதனை அறிக்கையைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். பக்கம் பக்கமாகப் பச்சை டிக். மீட்டரில் 7,400 கிலோமீட்டர்.

இப்போது யோசித்தால் ஒவ்வொன்றும் கண்ணில் குத்துகிறது. நான் போனபோது இன்ஜின் ஏற்கெனவே சூடாக இருந்தது. ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் கோளாறு தெரியும். "நீங்க வர்றீங்கன்னு ஸ்டார்ட் பண்ணி வச்சேன் சார்" என்றார். வண்டி வாசலைப் பார்த்துத் திருப்பி நிறுத்தப்பட்டிருந்தது, அதனால் ஹேண்டிலை முழுதாக ஒடிக்க வேண்டிய வேலையே எனக்கு வரவில்லை. ஓட்டிப் பார்க்க விட்டது கட்டடத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு. இரண்டாவது கியரைத் தாண்டவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கினேன். ஏழு மாதச் சம்பளத்தை அன்றைக்கே அனுப்பினேன். பழைய வண்டியின் சாவியையும் அதே மேசையில் வைத்தேன்.

மூன்றாம் நாள் நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோனேன். எண்பதைத் தாண்டியதும் வண்டி இடது பக்கம் இழுத்தது. கொஞ்சமாகத்தான், ஆனால் விடாமல். நேராகப் போக வலது கையால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேகம் குறையும்போது ஹேண்டில் லேசாக ஆடியது. வீட்டுக்கு வரும்போது வலது தோள் வலி.

உடனே போன் செய்தேன். டயரில் காற்று பாருங்க சார் என்றார் அதே விற்பனையாளர். பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. மறுநாள் கூப்பிட்டேன். "பெரிய வண்டி சார், பழகணும்" என்றார். வண்டியைத் திருப்பித் தர ஐந்து நாள் அவகாசம் என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. நான்காம் நாள் திருப்பித் தருகிறேன் என்று சொன்னேன். "வேண்டாம் சார், எங்க டெக்னீஷியன் நாளைக்கே வீட்டுக்கு வந்து சரிபண்ணிடுவார்" என்றார். ஐந்தாம் நாள் முழுக்க லீவு போட்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. ஆறாம் நாள் காலை கூப்பிட்டபோது, திருப்பித் தரும் காலம் முடிந்துவிட்டது என்று வேறொரு பெண் குரல் சொன்னது. எவ்வளவு திட்டமிட்டுச் செய்கிறார்கள் பாருங்கள்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் ஸ்டார்ட்கூடச் செய்யவில்லை. ஹேண்டிலை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, டார்ச்சை அடித்து, "தம்பி, இங்க வந்து பாரு" என்றார். ஹேண்டில் ஒரு அளவுக்கு மேல் திரும்பாமல் தடுக்கச் சேசிஸின் முன்கழுத்தில் ஒரு சின்னக் கட்டை இருக்கும், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப் அதில் வந்து முட்டும். இடது பக்கக் கட்டை உள்ளே நசுங்கியிருந்தது. நசுங்கிய இடத்தின் மேலேயே புதுக் கறுப்புப் பெயின்ட். நகத்தால் சுரண்டினார், தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே பழைய பெயின்ட், அதற்குள் விரிசல்போல ஒரு கோடு.

பிறகு நூலைக் கொண்டுவந்தார். பின் டயரைச் சுற்றி, இரண்டு பக்கமும் டயரின் ஓரத்தைத் தொட்டபடி முன்சக்கரம் வரை இழுத்துக் கட்டினார். பின்சக்கரம் செயினில் நேராகத்தான் இருக்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொண்டார். முன் டயர் ஒடுக்கம் என்பதால் இரண்டு பக்கமும் நூலுக்கும் டயருக்கும் இடைவெளி இருக்கும், அது சமமாக இருக்க வேண்டும். என் வண்டியில் ஒரு பக்கம் விரல் நுழைந்தது, மறுபக்கம் நூல் டயரை உரசியது. "முன்னாடி பலமா அடி வாங்கின வண்டி தம்பி. கழுத்தே திரும்பியிருக்கு. ஃபோர்க்கை மட்டும் மாத்தி இதைச் சரிபண்ண முடியாது" என்றார்.

அத்தோடு முடியவில்லை. டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். முன் டயர், பின் டயர் இரண்டிலும் 1423. அதாவது 2023ஆம் வருடம் பதினான்காவது வாரம் செய்தவை. 2020 மாடல் வண்டி, ஓடியது 7,400 என்றால் முன் டயரை எதற்கு மாற்ற வேண்டும்? சீட்டைக் கழற்றினார். பேட்டரிப் பெட்டி மேல் பாதி கிழித்த ஒரு ஸ்டிக்கர். கிழிக்காமல் விட்ட பாதியில் பேனாவால் எழுதியிருந்தது, அடுத்த ஆயில் 31,000, அதாவது 31,000 கிலோமீட்டரில் ஆயில் மாற்ற வேண்டும் என்று. மீட்டரையே வேறு வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருக்கலாம் என்றார் மெக்கானிக். அண்ணன் என் தோளில் கை வைத்தார். ஏழு மாதச் சம்பளம், ஏழு மாதச் சம்பளம் என்றுதான் மனசுக்குள் ஓடியது.

அதற்குப் பிறகு மூன்று வாரம். போட்டோ, நூல் கட்டிய வீடியோ, ஸ்டிக்கர் எல்லாம் அனுப்பினேன். முதல் பதில்: வாரன்டி இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் மட்டும், சேசிஸுக்குக் கிடையாது. சேசிஸ் சரியாக இருக்கிறது என்று உங்கள் அறிக்கையில்தானே பச்சை டிக் இருக்கிறது என்று கேட்டேன். அது "பார்வையளவிலான சோதனை" என்றார்கள். அடுத்த பதில்: அடி உங்களிடம் வந்த பிறகு பட்டதாகக்கூட இருக்கலாம். இதைப் படித்தபோது எனக்கு வந்த கோபத்தை எழுத முடியவில்லை. மூன்று நாளில் அடிபட்டு, நானே பெயின்டும் அடித்துவிட்டேனா? மேலதிகாரி கூப்பிடுவார் என்று நாலு தடவை சொன்னார்கள், ஒரு தடவையும் கூப்பிடவில்லை. என் செயினைத் தொட்டுப் பார்த்தவரின் நம்பர் இப்போது போகவே மாட்டேன் என்கிறது. நேரில் போனால் அவர் வேறு கிளைக்கு மாறிவிட்டார் என்கிறார்கள். பணத்தை விடுங்கள், என் பழைய வண்டியையாவது கொடுங்கள் என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அது அப்போதே விற்றுவிட்டது சார் என்றார்கள்.

எழுத்துப்பூர்வமாக நுகர்வோர் புகார் தயாராகிறது. மெக்கானிக் அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ஆறிய பிறகுதான் வருவேன் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், போனதும் இன்ஜின் மேல் கையை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து அந்தத் தடுப்புக் கட்டையை டார்ச் அடித்துப் பாருங்கள். டயரில் நாலு இலக்கம். சீட்டுக்கு அடியில். சேசிஸில் அடித்திருக்கும் 17 எழுத்தும் எண்ணும் காகிதத்தில் உள்ளதோடு ஒவ்வொன்றாக ஒத்துப்போகிறதா. நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்க்க விடாவிட்டால் வாங்கவே வேண்டாம். திருப்பித் தரும் கெடுவுக்குள் அவர்கள் ஆள் வருவார் என்று காத்திருக்காதீர்கள், வண்டியைக் கொண்டுபோய் வாசலில் நிறுத்தி எழுதி வாங்குங்கள். பழைய வண்டியின் சாவியை அன்றைக்கே கொடுக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

இதை எழுதி முடிக்கும் நேரத்தில் டியூக்காரன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கிறான். விற்றுவிட்டது என்று சொன்ன என் வண்டி அவர்கள் செயலியில் இருக்கிறது. டேங்கின் வலது பக்கம் சாவிக்கொத்து உரசிய கீறல்கூடத் தெரிகிறது. சான்றளித்த வண்டி, ஓடியது 19,000 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். நான் சாவி கொடுத்த அன்று மீட்டரில் 68,200. கையில் போட்டோ இருக்கிறது, புகாரோடு அதையும் சேர்க்கிறேன். அந்த 150ஐ வாங்க யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அது 68,200 ஓடிய வண்டி, அந்த விலையைக் கொடுக்காதீர்கள்.