முதல் கேமிங் பிசி: ஏஎம்4, எல்ஜிஏ1700, ஏஎம்5 – எந்த போர்டில் தொடங்கலாம்?

முதன்முறை கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் கணக்குப் போடுகிறார்கள். ஆசை அங்கேதான் இருக்கிறது, தப்பில்லை. ஆனால் எது எதோடு சேரும் என்பதைத் தீர்மானிப்பது மதர்போர்டில் உள்ள சாக்கெட், அதாவது பிராசஸர் உட்காரும் இடம். அதை முடிவு செய்துவிட்டால் பிராசஸர், ரேம், இரண்டு மூன்று வருடம் கழித்து எதை மாற்ற முடியும் என்பது வரை பாதி விஷயம் முடிந்துவிடும். முதல் பில்டுக்கு நான் பரிசீலிப்பவை மூன்று: ஏஎம்டியின் ஏஎம்4, ஏஎம்5, இன்டெலின் எல்ஜிஏ1700. இன்டெலின் புதிய எல்ஜிஏ1851ஐ விட்டுவிட்டேன். 2024 அக்டோபரில் அது வந்தபோது, தனக்கு முந்தைய 14ஆம் தலைமுறையையே கேம்களில் தெளிவாகத் தாண்டவில்லை.

ஏஎம்4தான் மூத்தது. 2016இல் வந்தது, டிடிஆர்4 ரேம் (இப்போதைய டிடிஆர்5க்கு முந்தைய தலைமுறை) மட்டுமே ஏற்கும். ரைசன் 5 5600, ஒரு பி550 போர்டு என்றால் இன்றைக்கும் பெரும்பாலான கேம்களுக்குத் தாராளம். சிக்கல் பெயர்களில் இருக்கிறது. ரைசன் 5 5500 என்று ஒன்று உண்டு. 5600க்குச் சற்றே குறைந்ததாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அதன் எல்3 கேஷ் (பிராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 32 எம்பி அல்ல, 16 எம்பி. கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇயும் 4.0 இல்லை, 3.0 மட்டும். இது ஏன் முக்கியம் என்றால், ஆர்டிஎக்ஸ் 4060, ஆர்எக்ஸ் 6600 போன்ற நடுத்தர கார்டுகள் ஸ்லாட்டின் 16 லேன்களில் (தரவு போகும் பாதைகளில்) எட்டைத்தான் பயன்படுத்துகின்றன. பிசிஐஇ 3.0இல் அந்த எட்டின் வேகமும் பாதியாகிவிடும். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டிக்கு நான்கே லேன், அதனால் அங்கே அடி இன்னும் பலம். பி450 போர்டு வாங்கினாலும் இதே கதைதான். எல்லாம் பொருந்தும், கம்ப்யூட்டர் ஓடும், பிழைச் செய்தி எதுவும் வராது. கார்டுக்குக் கொடுத்த காசில் ஒரு பகுதி மட்டும் சத்தமில்லாமல் வீணாகும்.

இன்னொன்று, ஏஎம்4 பிராசஸரின் பின்கள் அதன் அடியிலேயே இருக்கும். கூலரைக் கழற்றும்போது காய்ந்த தெர்மல் பேஸ்ட் பிராசஸரையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வருவது உண்டு. கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்துவிட்டு, லேசாகத் திருகிக் கழற்றுவது நல்லது. மற்ற இரண்டு சாக்கெட்டிலும் பின்கள் போர்டில் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை. அங்கே பயப்பட வேண்டியது போர்டின் பின்களை வளைத்துவிடுவோமோ என்பதற்குத்தான்.

எல்ஜிஏ1700 (2021) ஒரு இடைப்பட்ட பிறவி. 12, 13, 14 என மூன்று தலைமுறை பிராசஸர்கள் இதில் உட்காரும். ரேம் டிடிஆர்4ஆ, டிடிஆர்5ஆ என்பதை போர்டுதான் முடிவு செய்யும். ஒரே மாடல் பெயரில் இரண்டு வகையும் விற்கிறார்கள், வித்தியாசம் பெயரின் கடைசியில் ஒட்டியிருக்கும் ‘டி4’ மட்டும். இரண்டு ரேமுக்கும் 288 பின்தான். ஆனால் நடுவிலுள்ள வெட்டு இடம் மாறியிருக்கும், அழுத்தினாலும் இறங்காது. பழைய 600 வரிசை போர்டில் 13 அல்லது 14ஆம் தலைமுறை பிராசஸர் போட பயாஸ் (போர்டிலேயே இருக்கும் தொடக்க மென்பொருள்) அப்டேட் வேண்டும். அந்த இரண்டு தலைமுறைகளின் உயர்ரக சிப்களில் வோல்டேஜ் கோளாறு தெரியவந்து, 2024 ஆகஸ்டில் இன்டெல் பயாஸ் வழியே வரும் மைக்ரோகோட் (பிராசஸரின் உள் கட்டளைகள்) திருத்தம் கொடுத்தது. அந்த சிப்களை வாங்குபவர்கள் பயாஸைப் புதுப்பித்துவிட்டுத்தான் கேமைத் திறக்க வேண்டும். 12ஆம் தலைமுறையின் ஐ5-12400எஃப்புக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் எஃப் என்றால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்று அர்த்தம். மானிட்டர் கேபிளை போர்டில் செருகிவிட்டு திரை வரவில்லை என்று தவிக்க வேண்டாம்.

2022இல் வந்த ஏஎம்5, டிடிஆர்5 மட்டுமே ஏற்கும். இதன் பலம் வருங்காலம்தான். 2027 வரையும் அதற்குப் பிறகும் ஆதரவு தருவதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது. இப்போது ரைசன் 5 7600 போட்டுவிட்டு, பிறகு அதே போர்டில் 7800எக்ஸ்3டியோ 9800எக்ஸ்3டியோ மாற்றிக்கொள்ளலாம். 7600இல் சின்னதாக ஒரு உள் கிராபிக்ஸும் இருக்கிறது. கேமுக்கு உதவாது, ஆனால் கார்டு கெட்டுப்போனால் கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது போதும். 7600 பெட்டியில் கூலரும் வரும், 7600எக்ஸில் வராது. இதே சாக்கெட்டுக்கு வரும் 8500ஜி என்ற பிராசஸரைப் பார்த்து மயங்க வேண்டாம். கிராபிக்ஸ் கார்டுக்கு அது விடுவது நான்கே லேன்.

ஏஎம்5இல் முதல்முறை ஆன் செய்தவுடன் சில நிமிடங்கள் திரை கறுப்பாகவே இருக்கும். ரேமைப் பழக்கப்படுத்துகிறது, பயந்துபோய் சுவிட்சை அணைத்துவிடாதீர்கள். அப்புறம் பயாஸில் எக்ஸ்போவை (ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓட்டும் அமைப்பு) ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் 6000 வேகத்துக்குக் காசு கொடுத்த ரேம் 4800இல் ஓடிக்கொண்டிருக்கும். நான்கு குச்சி போட்டால் வேகம் இறங்கும் என்பதால் இரண்டு 16 ஜிபி போதும், பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில்.

எல்லாவற்றையும் புதிதாக வாங்குபவருக்கு என் ஓட்டு பி650 போர்டு, 7600. கையில் நல்ல டிடிஆர்4 ரேம் சும்மா கிடந்தால், அல்லது டிடிஆர்5 விலை எட்டாத உயரத்தில் இருந்தால், டிடிஆர்4 போர்டோடு 12400எஃப். ஏஎம்4ஐ யாராவது பழைய போர்டைக் கொடுத்தால் மட்டும் எடுப்பேன்.

கேபினெட் விஷயத்தில் கார்டின் நீளம், கூலரின் உயரம் இரண்டையும் மில்லிமீட்டரில் ஒப்பிட்டால் போதும். பவர் சப்ளையில் 80 பிளஸ் முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், தரத்தை அல்ல. மாடுலர் வகை (கேபிள்களைக் கழற்றி மாட்டக்கூடியது) வாங்கினால் அதனோடு வந்த கேபிளை மட்டும் போடுங்கள். வேறு மாடலின் கேபிள் அச்சாகப் பொருந்தும். ஆனால் உள்ளே வயரிங் மாறியிருந்தால் முதல் சுவிட்சிலேயே எஸ்எஸ்டி போய்விடும்.