மண்டபத்திலிருந்து இரவுப் பறப்பு: வீட்டுச் சிமுலேட்டரின் நீண்டகால அனுபவம்

தனியார் விமானி உரிமத்தையும் இரவுப் பறப்புத் தகுதியையும் வெளிநாட்டில் பெற்று, இப்போது ராமேஸ்வரத்தை அடுத்த சொந்த ஊரான மண்டபத்தில் இருக்கும் எனக்கு, இங்கே இரவில் பறக்க வழியில்லை. சூரியன் மறைந்து 20 நிமிடங்கள் கழிந்ததும், வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டகம் விலக்களிக்கும் உள்ளூர்ப் பறப்புகளைத் தவிர, காட்சிப் பறப்பு விதிகளின்கீழ் (வெளியே கண்ணால் பார்த்து ஓட்டும் முறையில்) பறப்பதை இந்திய விதிமுறை அனுமதிப்பதில்லை. பக்கத்து உச்சிப்புளியில் இருப்பதோ ஐ.என்.எஸ். பருந்து என்னும் கடற்படைத் தளம். ஆகவே சில ஆண்டுகளாக யோக்கும் (விமானத்தைச் சாய்க்கவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பிடிக்கும் கைப்பிடி) ரடர் பெடலும் (வால்சுக்கானுக்கான கால்மிதி) இணைத்த கணினிச் சிமுலேட்டரில் செஸ்னா 172 என்னும் சிறு விமானத்தை ஓட்டிவருகிறேன். வீட்டில் இதற்குப் பெயர் வீடியோ கேம்.

அதிகம் பயன்பட்டது தரையிறங்கும் பயிற்சிக்குத்தான். இருண்ட கடலின் மேல் வரும்போது, எதிரே ஓடுபாதை விளக்குகள் மட்டும் தெரிந்தால், தேவைக்கு மேல் உயரத்தில் இருப்பதாகக் கண் நம்பிவிடும். கை தானாகவே விமானத்தின் மூக்கைத் தாழ்த்தும். சரியான உயரத்தில் வந்தால் இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமாகத் தெரிய வேண்டிய, ஓடுபாதையோரத்துப் பாப்பி (PAPI) விளக்குகளில் மூன்றாவதும் சிவந்து, நான்காவதும் சிவக்கத் தொடங்கும்போதுதான் எவ்வளவு தாழ்ந்துவிட்டோம் என்பது உறைக்கிறது. இதை ஆபத்தின்றிச் சலிக்கும்வரை செய்து பார்க்க முடிவதற்கே கொடுத்த பணம் தகும்.

இந்தக் கடற்கரையைக் காட்டுவதில்தான் இது தோற்றுப்போகிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகள் தொழிலுக்குப் போயிருக்கும் இரவுகளில், அவற்றின் விளக்குகள் நட்சத்திரங்களோடு கலந்து தொடுவானம் எங்கே என்பதையே மறைத்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலத்திலோ அந்த வெளிச்சம் பெரும்பாலும் இராது. சிமுலேட்டருக்கு எல்லா மாதமும் ஒரே கடல். ராமேஸ்வரத்தின் 323 மீட்டர் (ஏறத்தாழ 1,060 அடி) தொலைக்காட்சிக் கோபுரமும் என் திரையில் இல்லை. ஆயிரம் அடியில் தீவின் மேல் பறப்பவர் அலட்சியப்படுத்தக்கூடிய தடையா அது? தவிரவும், இருளுக்குக் கண் நன்றாகப் பழக ஏறத்தாழ 30 நிமிடங்கள் தேவை என்பதால், ஒளிரும் திரையின் முன் அது நடக்கவே நடக்காது.

இதைவிடப் பெரிய குறை, நாற்காலி அசையாதது. இருட்டில் மேலெழும்போது வேகம் கூடுவதை மூக்கு உயர்வதாக, சமநிலையை உணரும் உட்காது தவறாக உணர்த்தும். அதை நம்பி யோக்கை முன்னே தள்ளுபவர் கடலை நோக்கித்தான் போவார். 1999 ஜூலை 16 இரவு, அமெரிக்காவின் மார்த்தாஸ் வினியார்ட் தீவருகே, முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் ஓட்டிச் சென்று கடலில் விழுந்த விமானத்தின் விபத்துக்கு, இரவில் நீரின் மேல் ஏற்பட்ட திசையுணர்வுக் குழப்பத்தையே விசாரணை காரணமாகக் கூறியது. கருவிகளை வரிசையாகப் பார்க்கும் பழக்கத்தைச் சிமுலேட்டர் தருகிறது. உடல் சொல்வதை மறுத்துக் கருவியை நம்பும் பழக்கத்தை அதனால் தர முடியாது. இரவுப் பறப்புத் தகுதிக்கு இதையே நம்பித் தயாராக நினைப்பவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குபவர்கள் உப்புக்காற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும். என் யோக்கின் பொட்டன்ஷியோமீட்டரில் (கைப்பிடியின் அசைவை உரசி அளக்கும் மின்பாகம்) அரிப்பு ஏறி, கையை எடுத்தாலும் விமானம் இடப்பக்கம் சாயத் தொடங்கியது; மின்தொடுமுனைகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்தால் சில வாரங்கள் தாங்குகிறது. கடலோரத்தில் இருப்பவர்கள், விலை கூடினாலும், உரசும் பாகமில்லாமல் காந்தத்தால் அசைவை அளக்கும் ஹால் சென்சார் யோக்கையே வாங்குவது நல்லது.