பாதிக் குடலைப் பார்த்துவிட்டு "எல்லாம் எடுத்தாச்சு" என்றார்கள்

அப்பாவுக்கு மலத்தில் ரத்தம் போனது. ஆசனவாய் வழியாகக் கேமரா வைத்த குழாயை (ஸ்கோப்) விட்டுக் குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபியில் இடப்பக்கப் பெருங்குடலில் கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்தது. பத்தே நாளில் ஆபரேஷன். "கட்டியை முழுசா எடுத்தாச்சு, கவலைப்படாதீங்க" என்றார் சர்ஜன். டிஸ்சார்ஜ் சம்மரியில் தையல் பிரிக்கும் நாள் வரை இருந்தது. அடுத்த கொலோனோஸ்கோபி எப்போது என்று மட்டும் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

14 மாதம் கழித்து அப்பாவுக்கு ரத்தசோகை. வேறு டாக்டரிடம் போனோம். பழைய கொலோனோஸ்கோபி ரிப்போர்ட்டை வாங்கியவர் கடைசி வரியில் விரலை வைத்தார்: கட்டி வழியை அடைத்திருப்பதால் ஸ்கோப் அதைத் தாண்டிப் போகவில்லை. அதாவது, கட்டிக்கு அப்பால் இருந்த குடலை அதுவரை யாருமே பார்க்கவில்லை! திரும்ப ஸ்கோப் போட்டதில் வலப்பக்கம் இன்னொரு புற்றுநோய், கூடவே மூன்று பாலிப், அதாவது குடலின் உட்சுவரில் முளைக்கும் சின்ன வளர்ச்சிகள். இது புதிதாக முளைத்ததாக இருக்காது, பாலிப் புற்றாக மாறப் பொதுவாகப் பல வருடம் ஆகும் என்றார்.

ஆபரேஷனுக்கு முன்னால் சிடி ஸ்கேன் எடுத்தோமே என்று கேட்டேன். அது முக்கியமாக ஈரல், நுரையீரலுக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க. குடலுக்குள் இருக்கும் சின்ன வளர்ச்சி அதில் தப்பிவிடும். ஆபரேஷனில் கையால் தடவிப் பார்த்தாலும் சிறிய பாலிப் தட்டுப்படாதாம்.

பெருங்குடல் புற்றுநோய் வந்தவர்களில் 100க்கு 3 முதல் 5 பேருக்கு அதே சமயத்தில் இரண்டாவது புற்றும் இருக்கும். பாலிப் இருப்பது இன்னும் சகஜம். அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்பே குடல் முழுவதையும் பார்ப்பது வழக்கம். வழி அடைத்திருந்தால் குடலைச் சுத்தம் செய்து காற்று நிரப்பி எடுக்கும் தனி சிடி இருக்கிறது. அதுவும் முடியாவிட்டால் ஆபரேஷன் ஆன 3 முதல் 6 மாதத்துக்குள் மிச்சக் குடலை ஸ்கோப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். முழுசாகப் பார்த்தவர்களுக்கே ஒரு வருடத்தில் மறுபடி ஸ்கோப் உண்டு.

உங்கள் வீட்டில் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால், ஸ்கோப் சீக்கம் வரை, அதாவது பெருங்குடல் தொடங்கும் இடம் வரை, போனதா என்று கேளுங்கள். போயிருந்தால் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும், பெரும்பாலும் படமும் இருக்கும்.

அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்து இப்போது கீமோ. பழைய ஆஸ்பத்திரியில் போய்க் கேட்டேன். "ரிப்போர்ட்லயே போட்டிருக்கோமே சார், நீங்க படிக்கலையா?" என்றார்கள்.