வெள்ளவத்தையில் மட்டக்களப்புத் தயிரும் வன்னிப் பாலும்

கொழும்பில் நல்ல எருமைத் தயிர் தேடுபவர்கள் வெள்ளவத்தைக்கு வெள்ளிக்கிழமை காலையில் போங்கள், பின்னேரம் போனால் சட்டி எல்லாம் முடிந்துவிடும். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கிற சின்னக் கடை. பெயர்ப்பலகைகூட இல்லை, தயிர்க் கடை எது என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள்.

தயிர் மட்டக்களப்பிலிருந்து மண் சட்டியில் வருகிறது. கரண்டியால் வெட்டினால் வெட்டின இடம் அப்படியே நிற்கும், மேலே தடித்த ஆடை, அளவான புளிப்பு, கித்துல் பாணி ஊற்றினால் வேறு ஒன்றும் தேவையில்லை. எருமைப் பாலில் கொழுப்பு 7 வீதம் அளவில் இருக்கும், பசுப்பாலில் அதில் ஏறக்குறைய பாதிதான், அதோடு மண் சட்டியும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்வதால் மா, ஜெலட்டின் எதுவும் போடாமலே தயிர் கட்டியாகிவிடுகிறது.

பசுப்பால் கிளிநொச்சி, வவுனியாப் பக்கத்துப் பண்ணைகளுடையது. அங்கேயே 4 பாகைக்குக் குளிரவைத்து இரவோடு இரவாகக் கொண்டுவருகிறார்கள். தேத்தண்ணிக்கு இந்தப் பாலை ஊற்றிக் குடித்துப் பழகினால் பால்மாவுக்குத் திரும்ப மனம் வராது. 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கெட் 790 ரூபாய்க்கு ஏறியதும், அதற்கும் வரிசையில் நின்றதும் யாருக்கும் மறந்திருக்காது. கப்பலில் வரும் மாவை நம்பியிருந்த நாட்டில், மழை பெய்யாத மாதங்களே அதிகமான வன்னியில் இவ்வளவு பால் கறக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே பெரிய விஷயம்.

அது லேசில் வந்ததும் இல்லை. நாட்டு மாடு ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லீற்றர்தான் தரும். இப்போது ஜேர்சி, சாஹிவால் கலப்பு மாடுகள் வந்திருக்கின்றன, சாஹிவால் பஞ்சாப் பக்கத்து இனம் என்பதால் வெயிலைத் தாங்கும். கிணற்றுத் தண்ணீர் உள்ளவர்கள் கோயம்புத்தூரில் உருவாக்கிய சீ.ஓ.3 புல்லை நட்டு வெட்டிப் போடுகிறார்கள். 2017 இல் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 5,000 மாடுகளில் எத்தனையோ நோயில் செத்து, வாங்கிய பண்ணையாளர்கள் கடனாளியானார்கள். அந்தக் காசைக் கலப்பினத்துக்கும் புல்லுக்கும் போட்டிருக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

ஆடி, ஆவணியில் பால் குறையும். அப்போது கடைக்கார அண்ணை, "கோடை, அக்கா, புல்லில்லை, ரெண்டு போத்தலுக்கு மேல தர ஏலாது, மாப்பால் கலந்து தரமாட்டன்" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். இந்தக் கடையில் எனக்கு மிகவும் பிடித்ததே அதுதான். வருடம் முழுக்க ஒரே அளவு, ஒரே தடிப்பு வேண்டும் என்று நாங்கள் அடம்பிடித்தால் யாராவது கலப்படம் செய்துதான் தருவார்கள்.

மட்டக்களப்புச் சட்டிக்குப் பின்னால் இருக்கிற கஷ்டம் இன்னும் பெரிது. பெரும்போக வயல் விதைக்கும்போது மாட்டுப் பட்டிகளை வயற்பக்கத்திலிருந்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்குச் சாய்த்துக்கொண்டு போவார்கள். அந்தத் தரையில் வெளியார் வந்து பயிர் செய்வதை எதிர்த்துப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். அதற்கு முதல் வருடம் டிசம்பரில் வந்த குளிரில் வடக்கு கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் செத்தன. மேய்ச்சல் தரை போனால் பட்டியும் போகும், தயிரும் போகும்.

குறை என்றால், போத்தலில் கறந்த திகதி இல்லை. கேட்டால் சொல்கிறார்கள், ஆனால் எழுதி ஒட்டத்தான் வேண்டும், பால் விற்பவர்களுக்கு இது அடிப்படை. தயிரும் மூன்றாம் நாள் நன்றாகப் புளித்துவிடும், அதை மோராக்கிவிடுங்கள். நெய் பரவாயில்லை, வாசம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம்.

விலை சுப்பர்மார்க்கெட்டை விடக் கொஞ்சம் கூட. நான் கொடுக்கிறேன், தொடர்ந்தும் கொடுப்பேன். அப்புறம், கைக்காசு கொண்டுபோங்கள், கார்ட் எடுக்கமாட்டார்கள்.