வேலூர் பக்கம் வெப் டிசைன் கோர்ஸ்: பணம் கட்டும் முன் பிரவுசர் ஜன்னலை 360 பிக்சலுக்குச் சுருக்குங்கள்

காட்பாடி போகும் வழியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். பெயர் வேண்டாம். ‘இன்டர்மீடியட் வெப் டிசைன், 3 மாதம், 100% பிளேஸ்மென்ட்’ என்று வாசலில் ஆள் உயர ஃப்ளெக்ஸ் பேனர். கட்டணம் 14,500 ரூபாய். சேரும்போது 8,000, மீதி இரண்டு தவணை. குடியாத்தம், ஆற்காடு, வாலாஜா என்று பஸ் பிடித்து வந்த ஒன்பது பேர் ஒரே பேட்சில் முடித்தார்கள். ஆளுக்கொரு சான்றிதழ், பென் டிரைவில் ஆளுக்கொரு ‘ஃபைனல் ப்ராஜெக்ட்’. அந்த ஒன்பது ஃபோல்டர்களையும் திறந்து பார்த்ததில் தெரிந்ததுதான் இந்தப் பதிவு. முதலிலேயே சொல்லிவிடலாம்: பேனரில்தான் ஃப்ளெக்ஸ் இருந்தது, பக்கத்தில் பெட்டிகளை அடுக்கும் ஃப்ளெக்ஸ் முறை பாடத்தில் இல்லை.

ஒன்பதிலும் இருப்பது ஒரே தளம். வேலூரில் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றி இருக்கும் லாட்ஜ்களைப் போல ஒரு கற்பனை லாட்ஜ். ஒருவர் லாட்ஜ் பெயரை மாற்றியிருக்கிறார், இன்னொருவர் மேல்பட்டையின் நிறத்தை. ஒரு ஃபோல்டரில் ‘எங்களைப் பற்றி’ பக்கத்தில் இடம் நிரப்பும் லோரம் இப்ஸம் உரை அப்படியே கிடக்கிறது. ஸ்டைல் ஷீட்டின் (நிறம், அளவு, இடம் எல்லாம் எழுதும் சிஎஸ்எஸ் ஃபைல்) தலையில் இலவச டெம்ப்ளேட் செய்தவருடைய உரிமக் குறிப்பு. அதை யாரும் அழிக்காதது ஒருவகையில் நல்லது, குறிப்பை எடுக்கக் கூடாது என்பதே பல இலவச டெம்ப்ளேட்களின் நிபந்தனை. ஆனால் மூன்று மாதத்தில் அந்த ஃபைலின் முதல் வரியைக்கூட யாரும் படிக்கவில்லை என்பது அதிலேயே தெரிகிறது. மாணவர் கையால் எழுதியது தனி ஃபைலில் 40 வரி. அதில் 22 வரி, மற்ற வரிகளை மீறு என்று சொல்லும் ‘இம்பார்ட்டன்ட்’ போட்டு முடிகிறது.

அந்த 22 வரி எப்படி வந்தது என்று பாருங்கள். டெம்ப்ளேட்டில் மெனுவின் நிறம் ஐடி செலக்டரில் (ஒரே ஓர் உறுப்புக்கான பெயர்) இருக்கிறது. மாணவர் கிளாஸ் செலக்டரில் (பல உறுப்புக்குப் பொதுவான பெயர்) புது நிறம் எழுதுகிறார், மாறவில்லை. சார் வந்து ‘இம்பார்ட்டன்ட் போடு’ என்று சொல்லிவிட்டுப் போகிறார். மாறிவிடுகிறது. ஏன் முதலில் மாறவில்லை என்பதுதான் பாடம், அது நடக்கவே இல்லை. ஒரு ஐடியை எத்தனை கிளாஸ் சேர்ந்தாலும் வெல்ல முடியாது. பத்துக் கிளாஸை அடுக்கினாலும் ஒரு ஐடிதான் ஜெயிக்கும். இரண்டும் சம எடை என்றால் ஃபைலில் பின்னால் வருவது ஜெயிக்கும். பிரவுசரில் எஃப் 12 அழுத்தி இன்ஸ்பெக்டரில் பார்த்தால், தோற்ற வரி குறுக்கே கோடு அடித்து நிற்கும். இதைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். சொல்லித்தராமல் விட்டால் ஒரு இம்பார்ட்டன்டை அமுக்க இன்னொன்று, அதை அமுக்க மற்றொன்று என்று போய்க்கொண்டே இருக்கும்.

அடுத்தது அறை வாடகைப் பக்கம். இடதில் படம், வலதில் விவரம், இரண்டு பத்தி. இரண்டுக்கும் ஃப்ளோட் லெஃப்ட் (இடப்பக்கம் ஒதுங்கு), அகலம் 46%, பேடிங் (பார்டருக்கு உள்ளே விடும் இடைவெளி) 20 பிக்சல், பார்டர் 1 பிக்சல். 46 எங்கிருந்து வந்தது? 50 போட்டால் இரண்டாவது பத்தி கீழே விழுந்தது, 48 போட்டார்கள், விழுந்தது, 46ல் நின்றது. சென்டர் கம்ப்யூட்டரின் திரை 1366 பிக்சல். அதில் 46% என்பது சுமார் 628. இரண்டு பக்கப் பேடிங் 40, பார்டர் 2 சேர்த்தால் 670. இரண்டு பத்திக்கு 1341. இடம் இருக்கிறது, நிற்கிறது. 1024 திரையில் 471ம் 42ம் 513, இரண்டுக்கு 1026. இரண்டு பிக்சல் போதவில்லை, பத்தி விழுகிறது. கணக்குப் போட்டால் 1050க்குக் கீழே எந்தத் திரையிலும் இந்தப் பக்கம் நிற்காது. காரணம், ஸ்டைல் ஷீட்டில் எழுதும் அகலம் உள்ளடக்கத்துக்கு மட்டும்; பேடிங்கும் பார்டரும் அதற்கு வெளியே கூடும். பாக்ஸ்-சைஸிங் என்பதற்கு பார்டர்-பாக்ஸ் என்று எல்லா உறுப்புக்கும் ஒரே ஒரு வரி எழுதினால் 50% என்பது 50% ஆகவே நிற்கும். இந்த ஒரு வரி தெரியாமல் ‘இன்டர்மீடியட்’ என்று சான்றிதழ் அச்சடித்திருக்கிறார்கள்.

அதே பக்கத்தில் வெளிப்பெட்டிக்குப் போட்ட பின்னணி நிறம் காணாமல் போயிருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் ஃப்ளோட் ஆனால் வெளிப்பெட்டியின் உயரம் சுருங்கிப் பூஜ்யம் ஆகிவிடும், நிறம் பூச இடமே இல்லை. வெளிப்பெட்டிக்கு டிஸ்பிளே ஃப்ளோ-ரூட் போட்டால் தீரும். ஃபோல்டரில் இருப்பதோ உயரம் 600 பிக்சல் என்று ஒரு கட்டாயம். விவரம் ஆங்கிலத்தில் இருந்தவரை சரி. ஒரு மாணவி அதைத் தமிழில் எழுதியதும் பத்தி நீண்டு, ஃபுட்டரில் இருக்கும் போன் நம்பர் மேல் ஏறிவிட்டது. ‘தமிழ் ஃபாண்ட் அப்படித்தான் இருக்கும்’ என்று பதில் வந்ததாம்.

தமிழ் அப்படி இல்லை. தமிழ் போட்டால் கெடும்படி எழுதிய ஸ்டைல் ஷீட்தான் அப்படி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் வரக்கூடிய வேலையே தமிழ், ஆங்கிலம், வங்காளி என்று இரண்டு மூன்று மொழியில் வருவதுதான். லாட்ஜ் போர்டுகளைப் பார்த்தாலே தெரியும். ப்ராஜெக்டில் ‘புக் நவ்’ பட்டனுக்கு அகலம் 90, உயரம் 30 பிக்சல் என்று பூட்டியிருக்கிறார்கள். அதில் ‘அறை முன்பதிவு’ என்று எழுதிப் பாருங்கள்: இரண்டு வரியாக உடைந்து, இரண்டாவது வரி பட்டனுக்கு வெளியே தொங்கும். அகலத்தையும் உயரத்தையும் எடுத்துவிட்டு, பேடிங்கை மேலும் கீழும் 0.6 எம் (எழுத்தின் அளவை வைத்துக் கணக்கிடும் அலகு), பக்கவாட்டில் 1.2 எம் என்று கொடுத்தால் எழுத்துக்கு ஏற்பப் பட்டன் வளரும். வரி உயரம் 1.2 ஆங்கிலத்துக்கு ஓடும். தமிழில் மேலே ஏறும் எழுத்துகளும் கீழிறங்கும் எழுத்துகளும் இருப்பதால் 1.6க்குக் குறையாமல் வையுங்கள். பத்தியை இரு பக்கமும் சமமாக இழுக்கும் ஜஸ்டிஃபை போனில் வேண்டவே வேண்டாம், நம் சொற்கள் நீளம், நடுவில் பல் விழுந்தது போல ஓட்டை விழும். குறுகிய பெட்டியில் நீளச் சொல் முட்டிக்கொண்டு வெளியே வந்தால் ஓவர்ஃப்ளோ-ராப் எனிவேர். இதில் ‘பிரேக்-வேர்ட்’ என்று ஒரு அண்ணன் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பெட்டிக்குள் அந்த அண்ணன் மட்டும் போதாது, மின்-விட்த் பூஜ்யம் சேர்த்துப் போட வேண்டும். ஃப்ளெக்ஸ் உறுப்பு தன்னுள் இருக்கும் நீளமான சொல்லைவிடச் சுருங்க மறுப்பதுதான் காரணம்.

இரண்டு ஃபோல்டர்களில் இன்னொரு கூத்து. பிரிண்டிங் பிரஸ்ஸில், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் வடிவம் போடும் பாமினி ஃபாண்டில் அடித்த உரையை அப்படியே பக்கத்தில் ஒட்டியிருக்கிறார்கள். அந்த ஃபாண்ட் இருக்கும் சென்டர் கம்ப்யூட்டரில் தமிழ் தெரியும். போனில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக வந்து நிற்கும். கூகுளும் தேடிக் கண்டுபிடிக்காது. எங்கும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். ஃபாண்டுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரான் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன.

இனிப் பெரிய குற்றம். ஒன்பது ஃபைலிலும், போனின் அகலத்துக்கே பக்கத்தை அமை என்று பிரவுசருக்குச் சொல்லும் மெட்டா வியூபோர்ட் வரி இல்லை. அது இல்லாவிட்டால் போன் பிரவுசர் தன்னை 980 பிக்சல் திரை என்று எண்ணிக்கொண்டு முழுப் பக்கத்தையும் குட்டியாகச் சுருக்கிக் காட்டும். ‘600க்குக் கீழே என்றால் ஒரே பத்தி’ என்று நீங்கள் எழுதும் மீடியா கொயரி எழுந்தே வராது. காட்பாடி ஜங்ஷனில் இறங்கி, பெட்டியை இரண்டு காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு போனில் ரூம் தேடுகிறவருக்காகத்தானே லாட்ஜ் தளம்? அவருக்கு எறும்பு சைஸில் எழுத்து. அதோடு, 1050 கணக்குக் கோளாறும் போனில் எட்டிப் பார்க்கிறது: 980 அதற்குக் கீழேதானே!

அதனால் பணம் கட்டும் முன் பத்து நிமிடச் சோதனை. போன பேட்ச் ப்ராஜெக்ட் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். குரோமில் எஃப் 12, பிறகு கன்ட்ரோல், ஷிஃப்ட், எம் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போன் அளவு வரும். அகலத்தில் 360 என்று அடியுங்கள். பக்கம் பக்கவாட்டில் ஆடினால் சாரிடம் கேட்க ஒரு கேள்வி. இன்ஸ்பெக்டரில் பட்டன் எழுத்தை இரட்டை கிளிக் செய்து தமிழில் நீளமாக எதையாவது எழுதுங்கள். உடைந்தால் இரண்டாவது கேள்வி. ஸ்டைல் ஷீட்டைத் திறந்து ‘இம்பார்ட்டன்ட்’ என்று தேடி எண்ணுங்கள். நிறைய வந்தால் மூன்றாவது கேள்வி. ‘ப்ராஜெக்ட் எல்லாம் கான்ஃபிடென்ஷியல்’ என்று சொன்னால் சோதனை அங்கேயே முடிந்தது, கிளம்பலாம்.

கவுன்டரில் இருப்பவர் ‘பூட்ஸ்ட்ராப் சொல்லித்தர்றோம்’ என்பார். அது தயார் நிலையில் கிடைக்கும் ஸ்டைல் ஷீட் தொகுப்பு; எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். 3 என்றால் அது 2013ல் வந்தது, ஃப்ளோட் காலத்துச் சரக்கு; 2018ல் வந்த 4லேயே ஃப்ளெக்ஸ்பாக்ஸுக்கு மாறிவிட்டார்கள். கிரிட் (கட்டம் போட்டுப் பெட்டிகளை அடுக்கும் முறை) ‘அட்வான்ஸ்ட் கோர்ஸில் வரும்’ என்று தள்ளினால் ஏற்காதீர்கள். குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் 2017 மார்ச்சிலேயே கிரிட் வந்துவிட்டது. ‘சிஎஸ்எஸ் 4க்குத் தனி 3,000’ என்று ஒரு சலுகைச் சீட்டும் பார்த்தோம். அப்படி ஒரு பதிப்பே கிடையாது. 3லிருந்தே ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக வளர்கிறது. ‘டபிள்யூ3 சான்றிதழ்’ என்றால் எந்த டபிள்யூ3 என்று கேளுங்கள். டபிள்யூ3ஸ்கூல்ஸ் வேறு, தரம் வகுக்கும் டபிள்யூ3சி வேறு, இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை. ஐஎஸ்ஓ முத்திரை நிர்வாக முறைக்கு. பாடத்தின் தரத்துக்கு அல்ல.

பிளேஸ்மென்ட் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஒன்பது பேருக்கும் வந்தது டேட்டா என்ட்ரி இன்டர்வியூ.

பணத்தை ஜிபேயில் சென்டர் ஓனரின் சொந்த நம்பருக்குப் போட்டுவிட்டு ரசீது இல்லாமல் வந்தவர்கள்தான் இப்போது திண்டாடுகிறார்கள். ரசீதில் கோர்ஸ் பெயர், மணி நேரம், தொகை மூன்றும் வேண்டும். ஜிஎஸ்டி என்று 18% சேர்த்து வாங்கினால் 15 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு எண் 33ல் தொடங்கும். எண் இல்லை என்றால் ஜிஎஸ்டி வாங்க உரிமையும் இல்லை. சிலபஸைத் தாளில் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள், பேனரை போட்டோ எடுத்து வையுங்கள், வாட்ஸாப் பேச்சை அழிக்காதீர்கள். சொன்னதைச் சொல்லித்தரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல் ஆரம்பிக்கலாம். அதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை புகார்க் கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் போட வேண்டும்.

ஏற்கெனவே கட்டிவிட்டு, இன்னும் சில வாரம் வகுப்பு மிச்சம் இருப்பவர்கள் அதே லாட்ஜ் பக்கத்தை வெற்று ஃபைலில் முதலிலிருந்து எழுதச் சொல்லிக் கேளுங்கள். முதலில் வியூபோர்ட் வரி, அடுத்து பார்டர்-பாக்ஸ், பிறகு ஐடி இல்லாமல் கிளாஸ் மட்டும். மெனுவுக்கு ஃப்ளெக்ஸ்; ராப் (அடுத்த வரிக்கு மடங்கு என்பது) போட மறந்தால் 360ல் மெனு வெளியே ஓடும். அறைப் பெட்டிகளுக்கு கிரிட்: ரிபீட், ஆட்டோ-ஃபிட், மின்மேக்ஸ் 250 பிக்சலிலிருந்து 1 எஃப்ஆர் (மிச்ச இடத்தில் ஒரு பங்கு), இடைவெளி 16. பக்கத்துக்கு இருபுறமும் 16 பேடிங் வைத்தால் 360 திரையில் ஒரு பெட்டி, 768ல் இரண்டு, 1366ல் ஐந்து, மீடியா கொயரி ஒன்றுகூட இல்லாமல். மூன்றே வகை அறை என்றால் பெரிய திரையில் அவை நீண்டு இடத்தை நிரப்பும். நீள வேண்டாம் என்றால் ஆட்டோ-ஃபில். சார் ‘இது சிலபஸில் இல்லை’ என்றால் வெப் கையேடான எம்டிஎன் தளத்தில் ஃப்ளெக்ஸ்பாக்ஸ், கிரிட் இரண்டுக்கும் பயிற்சியோடு இலவசப் பாடம் இருக்கிறது. எழுத விஎஸ் கோட், ஏற்ற கிட்ஹப் பேஜஸ், இரண்டுக்கும் காசு இல்லை. ஏற்றியதும் பழைய ஆண்ட்ராய்டு போன் ஒன்றை வீட்டில் தேடி எடுத்துத் திறந்து பாருங்கள்.