எட்டு கேமரா மாட்டினார்கள், நடு அறை மட்டும்தான் தெரிகிறது: மோஷன் கேப்சர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

கோயம்புத்தூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சின்ன ரோபாட்டிக்ஸ் லேப் என் பொறுப்பில் இருக்கிறது. பழைய டிராயிங் ஹாலைத் தடுத்துக் கொடுத்தது. 6 மீட்டர் நீளம், நாலரை மீட்டர் அகலம். குட்டி ட்ரோன்கள் பறக்கவிட மோஷன் கேப்சர் வேண்டும் என்று இரண்டு வருடம் எழுதி எழுதிப் பணம் வாங்கினோம். ட்ரோனில் ஒட்டிய மார்க்கர்கள், அதாவது இன்ஃப்ராரெட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் குட்டி உருண்டைகள், இருக்கும் இடத்தைச் சுற்றியுள்ள கேமராக்கள் கணக்கிட்டுச் சொல்வதுதான் மோஷன் கேப்சர். ஆர்டர் போட்டது ஜனவரியில், சாமான் வந்து இறங்கியது மார்ச் 28. மார்ச் 31-க்குள் பில் பாஸ் ஆகாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும் என்பது எங்களைவிட விற்றவருக்கு நன்றாகவே தெரியும்.

மறுநாள் ஓர் இன்ஜினியர் ஏணியோடு வந்தார். எட்டு கேமராவையும் ஃபால்ஸ் சீலிங் சேனலிலேயே, எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் மாட்டினார். சுவரில் அடிக்க வேண்டாமா என்று கேட்டேன். "எல்லா லேப்லயும் இப்படித்தான் மேடம்." சாயங்காலம் அறையின் நடுவில் நின்றுகொண்டு கேலிப்ரேஷன் வாண்டை, அதாவது எந்தக் கேமரா எங்கே இருக்கிறது என்று சாஃப்ட்வேர் கணக்கிட உதவும் மார்க்கர் பதித்த கோலை, ஐந்து நிமிஷம் வீசினார். திரையில் 'எக்ஸலன்ட்' என்று வந்தது. தான் கொண்டுவந்த மார்க்கர் கட்டையைக் கையில் பிடித்து நடுவிலேயே நாலு நடை நடந்து காட்டினார். "ஒரு கையெழுத்து போட்டீங்கன்னா நைட் பஸ்ஸைப் பிடிச்சிருவேன் மேடம்." இன்ஸ்டலேஷன் சர்டிஃபிகேட்டில் போட்டேன். என் தப்பு அங்கேதான்.

ஏப்ரலில் எங்கள் ட்ரோனைத் தரையில் வைத்தோம். திரையில் காணோம். இடுப்பு உயரத்துக்குத் தூக்கினால் வருகிறது, சுவர்ப் பக்கம் நகர்த்தினால் மறைகிறது. ஒரு மார்க்கரின் இடம் தெரிய இரண்டு கேமராவாவது அதைப் பார்க்க வேண்டும்; ட்ரோன் திரும்பும்போது ஒன்று மறைந்தாலும் தாங்க மூன்று இருப்பது நல்லது. எங்கள் அறையில் பாதி இடத்தை ஒரே ஒரு கேமராதான் பார்த்துக்கொண்டிருந்தது.

கொட்டேஷனை எடுத்துப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது. அதில் மாடல் எண்ணின் கடைசியில் அகலக் கோண லென்ஸைக் குறிக்கும் ஓர் எழுத்து இருந்தது. இன்வாய்ஸில் அந்த எழுத்து இல்லை. கேட்டது 82 டிகிரி, வந்தது 56 டிகிரி. 3 மீட்டர் தள்ளி 82 டிகிரி லென்ஸுக்குத் தெரிவது சுமார் 5.2 மீட்டர் அகலம். 56 டிகிரிக்கு 3.2 மீட்டர்தான். பெரிய ஸ்டூடியோவுக்கு அது நல்ல லென்ஸாக இருக்கலாம். சின்ன அறையில் பின்னால் தள்ளி வைக்க இடம் ஏது?

அடுத்தது இன்னும் கில்லாடித்தனம். எதிரெதிரே ஒரே உயரத்தில் மாட்டினால் ஒரு கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு எதிர்க் கேமராவுக்கு மார்க்கர் போலவே தெரியும். பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸும் அந்த வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். அவர் கேமராவைச் சாய்க்கவில்லை, தரையை மூடச் சொல்லவில்லை. சாஃப்ட்வேரில் அந்த இடங்களையெல்லாம் மாஸ்க் போட்டு, அங்கே எது தெரிந்தாலும் கேமரா கணக்கில் எடுக்காதபடி, அழித்துவிட்டுப் போயிருக்கிறார். திரை சுத்தமாக இருந்தது, கேமராவின் பார்வையில்தான் ஓட்டை. தரையில் இருந்த ட்ரோன் காணாமல் போனதில் இதற்கும் பங்கு உண்டு.

ஏசி ஓடினால் சீலிங் சேனல் அதிரும். காலையில் செய்த கேலிப்ரேஷன் மதியத்துக்குள் கெட்டுவிடும். மூன்று மணிக்கு மேற்கு ஜன்னலில் வெயில் வந்தால் இல்லாத மார்க்கர்கள் முளைக்கும், ஏனென்றால் வெயிலிலும் இன்ஃப்ராரெட் இருக்கிறது. நெட்வொர்க் கேபிளிலேயே கேமராக்களுக்கு மின்சாரம் தர அவர்கள் கொடுத்த பிஓஇ ஸ்விட்சின் மொத்தத் திறன் 65 வாட். கேமராவுக்கு 12 வாட் என்றாலே எட்டுக்கு 96 ஆகிறது. கேமராக்கள் ஒவ்வொன்றாக அணைந்ததில் என்ன ஆச்சரியம்!

போன் செய்தால் ஒரே பதில்: "சர்டிஃபிகேட்ல கையெழுத்து போட்டிருக்கீங்களே மேடம்." கடிதம் எழுதினோம். அந்தச் சர்டிஃபிகேட்டின் நகலையே பதிலாக அனுப்பினார்கள்.

நீங்கள் வாங்குவதாக இருந்தால், உங்கள் அறையின் அளவில் கேமரா இடமும் கோணமும் போட்ட வரைபடத்தை ஆர்டருக்கு முன்பே எழுத்தில் கேளுங்கள். பெட்டி பிரிக்கும்போதே மாடல் எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். டெமோவை உங்கள் ட்ரோனிலேயே கேளுங்கள்: நாலு மூலையிலும் தரையிலும், ஏசி ஓட, மதியம் மூன்று மணிக்கு. மாஸ்க்கை நீக்கிக் காட்டச் சொல்லுங்கள். மார்ச் மாதம் டெலிவரி என்றால் ஒத்துக்கொள்ளவே வேண்டாம். முடியாவிட்டால், சர்டிஃபிகேட்டிலேயே 'மூலைகளில் சோதிக்கவில்லை' என்று கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

நாங்கள் பக்கத்துப் பட்டறையில் இரும்பு பிராக்கெட் அடித்து, கேமராக்களைச் சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு மாற்றினோம். நாலு மேலே, நாலு கொஞ்சம் கீழே. தரைக்குக் கறுப்பு ரப்பர் மேட், ஜன்னலுக்குக் கனத்த திரை, புது ஸ்விட்ச். லென்ஸுக்கு மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. மூன்று மீட்டருக்கு இரண்டரை மீட்டர் என்று மேட்டில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். ட்ரோன் அதைத் தாண்டினால் பசங்களே கத்திவிடுகிறார்கள்.