பொம்பெயா, ஹெர்குலேனியமா, ஓஸ்டியாவா? கையில் ஒரே ஒரு நாள் இருந்தால்

இத்தாலிக்குப் போகும் நம்மவர்கள் பலர், ரோமில் கொலோசியத்தைப் பார்த்த கையோடு மறுநாள், வெசுவியஸ் எரிமலை புதைத்த பழைய ரோமானிய நகரமான பொம்பெய்க்கும் போய்வந்துவிடலாம் என்று திட்டம் போடுகிறார்கள். ரோமில் தங்கிக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். அதிவேக ரயிலில் நேப்பிள்ஸ் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், அங்கிருந்து சர்க்கம்வெசுவியானா என்ற உள்ளூர் ரயிலில் நெரிசலோடு இன்னும் அரை மணிக்கு மேல் போக வேண்டும், உள்ளே நுழையும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிடும். ஊரோ சுமார் 66 ஹெக்டேர். அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இதுவரை தோண்டியிருக்கிறார்கள், அதை நடந்து முடிக்கவே முழு நாள் வேண்டும்.

ரோமில் இருப்பவர்களுக்கு ஓஸ்டியா ஆன்டிகா போதும். பிரமிடே மெட்ரோவை ஒட்டிய நிலையத்தில் ஏறினால் சாதாரண நகர டிக்கெட்டிலேயே அரை மணியில் போய்விடலாம். டைபர் ஆற்று முகத்துவாரத்தில் இருந்த ரோமின் துறைமுகம் இது. பொம்பெயைப் போல எரிமலையால் ஒரே நாளில் மூடப்பட்ட ஊர் இல்லை, மெல்ல மெல்ல ஆள் குறைந்து, வண்டல் மூடிய ஊர். அதனால் பொம்பெய் அளவுக்குச் சுவரோவியங்களை இங்கே எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சாமானிய ரோமானியர்கள் வாடகைக்கு இருந்த செங்கல் அடுக்குமாடி வீடுகளை இவ்வளவு நன்றாக வேறெங்கும் பார்ப்பது கடினம். வணிகர்களின் அலுவலகங்கள் இருந்த சதுக்கத்தையும் தவறவிடாதீர்கள், ஒவ்வொரு அறைக்கு முன்னாலும் தரையில் கப்பல், கலங்கரை விளக்கம், யானை என்று கறுப்பு வெள்ளை மொசைக் பதித்திருக்கிறார்கள். பைன் மர நிழலும் உண்டு. திங்கட்கிழமை விடுமுறை.

சரி, நேப்பிள்ஸில் தங்குகிறீர்கள் என்றால்? உண்மையான போட்டி அங்கேதான்.

பொம்பெய் ஒரு முழு நகரம், அதன் பலமே அதுதான். வண்டிச் சக்கரம் தேய்த்த தடம், தெருவைக் கடக்கப் போட்ட உயரமான கற்கள், ஊரின் பொதுச் சதுக்கமான மன்றத்தில் நின்று நிமிர்ந்தால் வெசுவியஸ், கி.மு. 70 வாக்கில் கட்டிய அரங்கம், 1863இல் அகழாய்வாளர் ஃபியோரெல்லி, இறந்தவர்களின் உடல்கள் மக்கிப்போய்ச் சாம்பலில் விட்டிருந்த வெற்றிடங்களில் ஜிப்சம் சாந்து ஊற்றி எடுத்த மனித உருவங்கள். கடைசியாகச் சொன்னதைப் பார்த்துவிட்டு எளிதாக நகர முடியாது. குறை என்னவென்றால், மேலே விழுந்த எரிமலைக் கற்களின் பாரத்தில் கூரைகளும் மேல்மாடிகளும் பெரும்பாலும் போய்விட்டன, சிறந்த ஓவியங்களும் மொசைக்குகளும் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன, அலெக்சாண்டர் போரிடும் காட்சியைக் காட்டும் புகழ்பெற்ற அலெக்சாண்டர் மொசைக்குக்கூடப் பொம்பெயில் இருப்பது நகல்தான். கூட்டமும் அதிகம்: 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேர் என்று வரம்பு வைக்கும் அளவுக்கு.

அதே வெடிப்பில் புதைந்த பக்கத்து ஊரான ஹெர்குலேனியம் சின்னது. பழைய ஊரில் ஒரு பகுதிதான் வெளியே தெரிகிறது, மீதி இன்றைய எர்கோலானோ வீடுகளுக்கு அடியில் இருக்கிறது. ஆனால் கி.பி. 79இல் இதை மூடியது கொதிக்கும் சாம்பலும் வாயுவும் கலந்த வெள்ளம், சுமார் 20 மீட்டர் ஆழத்துக்கு. அந்த வெப்பத்தில் மரம் எரிந்து சாம்பலாகாமல் கரியாகி அப்படியே நின்றுவிட்டது. கதவு, உத்தரம், கட்டில், வீட்டுக்குள் வைத்த மரத் தடுப்பு, இரண்டாவது மாடி எல்லாம் இங்கே இருக்கின்றன. ஊர் மக்கள் பெரும்பாலும் தப்பிவிட்டார்கள் என்றுதான் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள், 1980களில் பழைய கடற்கரையின் படகுக் கொட்டகைகளைத் தோண்டியபோது சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன, படகுக்காகக் காத்திருந்தவர்களாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் பேச்சே வராது.

என் தேர்வு ஹெர்குலேனியம். காலையில் இரண்டு மூன்று மணி நேரம் அங்கே, சாப்பிட்டுவிட்டு மதியம் நேப்பிள்ஸ் அருங்காட்சியகம். அசல் அலெக்சாண்டர் மொசைக் அங்கேதான், 1938இல் பொம்பெயில் கிடைத்த இந்தியத் தந்தச் சிலையும் அங்கேதான் இருக்கிறது. முசிறித் துறைமுகத்தையும் பாண்டிய மன்னனையும் பற்றி எழுதி வைத்த ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி, இதே எரிமலை வெடிப்பின்போதுதான் பக்கத்துக் கடற்கரையில் இறந்தார் என்பதை நினைத்துக்கொண்டு அந்தச் சிலையைப் பாருங்கள்.

அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. உங்களுக்குக் கிடைப்பது அந்த நாள்தான் என்றால் தயங்காமல் பொம்பெய்க்கு முன்பதிவு செய்து, திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள்.